வளையத்தை மட்டும் அளக்காதீர்கள்

அவையோருக்கு வணக்கம்.

மூலிகைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்குமா என்று சோதிக்கும் ஆய்வகக் காட்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தட்டில் உறைந்த அகார் கூழின்மேல் பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் தடவுகிறோம். மூலிகைச் சாற்றில் நனைத்த, 6 மி.மீ. அகலமே உள்ள காகித வில்லையை அதன்மேல் வைக்கிறோம். மறுநாள் தட்டெங்கும் பாக்டீரியா மங்கலாகப் படர்ந்திருக்கிறது; வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு தெளிந்த வளையம். அதை அளந்து குறித்ததும் மருந்தே கிடைத்துவிட்டதாக ஒரு பூரிப்பு!

அந்தப் பூரிப்பின்மேல்தான் எனக்குச் சந்தேகம். எத்தனாலில் எடுத்த சாறு என்றால், கொன்றது செடியா, எத்தனாலா? வெறும் எத்தனாலில் நனைத்த வில்லையும் பக்கத்தில் இருந்ததா? மூலக்கூறு பெரிதாக இருந்தால் கூழுக்குள் எளிதில் நகராது. வீரியம் இருந்தும் வளையம் சிறுத்துப்போகும். வளையத்தின் அகலத்தைக் கொண்டு இரண்டு செடிகளுக்குள் போட்டி வைப்பது வீண் வேலை.

நான் பெரிதும் நம்புவது 96 குழிகள் கொண்ட தட்டை. குழிக்குக் குழி சாற்றின் செறிவைப் பாதியாக்கிக்கொண்டே போய், பாக்டீரியாவைச் சேர்த்து வளரவிட்டு, பிறகு ரெசசூரின் சாயம் விடுகிறோம். பாக்டீரியா உயிரோடிருக்கும் குழியில் நீலம் இளஞ்சிவப்பாகிவிடும். நீலமாகவே நிற்கும் கடைசிக் குழியில் இருப்பதுதான் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு. சாறே கரும்பச்சையாக இருந்தால் நிறம் பார்ப்பது தனித் தலைவலி. அதைப் பட்டவர்கள் அறிவார்கள்.

சாறு எடுத்த விதமும் முக்கியம். பூண்டில் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருள் அல்லிசின்; முழுப் பூண்டுப் பல்லில் அது கிடையாது. அதன் மூலப்பொருளான அல்லினும், அதை மாற்றும் அல்லினேஸ் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்த பிறகே அல்லிசின் உருவாகிறது. 1944இல் காவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்த அந்தப் பொருள் சூட்டுக்குத் தாங்காது. கொதிக்க வைத்து எடுத்துவிட்டு, 'பூண்டுக்கு வீரியமில்லை' என்று எழுதினால் யார் மேல் குற்றம்?

பாக்டீரியாவைத் தடுக்கும் இன்னொரு செடிப்பொருளான பெர்பெரினின் கதை இன்னும் சுவையானது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்குள் அது நுழைந்தாலும், நார்-ஏ என்ற பம்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது. பெர்பெரினைத் தரும் பெர்பெரிஸ் செடிகளிலேயே அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளும் இருப்பதை 2000இல் கண்டறிந்தார்கள். அந்தப் பொருளுக்குத் தனியாகப் பாக்டீரியாவைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. காகித வில்லையில் தனியே வைத்துப் பார்த்திருந்தால் வளையமே வந்திருக்காது; 'பயனில்லை' என்று குறித்துக் கழித்துக்கட்டியிருப்போம்.