தோற்பதற்கென்று ஓர் அணி

நேயர்களுக்கு வணக்கம்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கென்று நடந்துவந்த உலகக் கைப்பந்துப் போட்டியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 1989-இல் பிரேசிலின் குரிட்டிபா நகரில் தொடங்கிய போட்டி. முதல் கோப்பை சோவியத் ஒன்றியத்துக்கு, 1991-இல் தென் கொரியாவுக்கு. அப்புறம் ரஷ்யா, ஜப்பான், பிரேசில், சீனா என்று கைமாறிக்கொண்டே வந்தது. முழுப் பட்டியலையும் நான் படிக்க ஆரம்பித்தால் நீங்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவீர்கள். அதனால் ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். 2015, பெரு நாட்டின் தலைநகர் லிமா.

பெரு என்றால் நம்மில் பலருக்கு மச்சு பிச்சு ஞாபகம் வரும். பெண்கள் கைப்பந்து ஞாபகம் வராது. ஆனால் அந்த நாட்டில் பெண்கள் கைப்பந்துக்கு இருக்கிற மரியாதை வேறு மாதிரி. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பெருவின் பெண்கள் சோவியத் அணியை எதிர்த்து ஆடினார்கள். முதல் இரண்டு செட்டும் பெருவுக்கு. மூன்றாவது செட்டில் 12-6 என்று முன்னிலை. அப்போது ஒரு செட்டுக்குப் பதினைந்து புள்ளிதான், ஆக இன்னும் மூன்றே புள்ளி எடுத்தால் தங்கம். அந்த மூன்று வரவில்லை. மூன்றாவது செட் 15-13 என்று கைநழுவியது, நான்காவதும் போனது, ஐந்தாவது செட்டை 17-15 என்று சோவியத் எடுத்துக்கொண்டது. இரவெல்லாம் கண்விழித்துத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த நாடு அது. அந்தத் தோல்வியை இன்றும் பேசுகிறார்கள். அந்த அணியின் செசிலியா டாயிட் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் 2015 ஆகஸ்டில் இருபது நாடுகளின் சிறுமிகள் வந்து இறங்கினார்கள். இறுதியாட்டம் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும். வென்றது இத்தாலி, இந்தப் பிரிவில் அவர்களுக்கு அதுதான் முதல் பட்டம். தொடரின் சிறந்த வீராங்கனை பாவோலா எகோனு, வயது பதினாறு. பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் அலெசியா ஓரோ, வயது பதினேழு.

சரி, எப்படி வென்றார்கள்? பயிற்சியாளர் நல்லவர், பெண்கள் உயரம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எந்த நாட்டில் உயரமான பெண்கள் இல்லை? எனக்குத் தெரிந்த காரணம் வேறு. இத்தாலியில் தோற்பதற்கென்றே ஓர் அணி வைத்திருக்கிறார்கள்.

அதன் பெயர் கிளப் இத்தாலியா. 1998-இல் ஆரம்பித்தது. யோசனை ஹூலியோ வெலாஸ்கோவுடையது. அர்ஜென்டினாக்காரர். 1990-லும் 1994-லும் இத்தாலிய ஆண்கள் அணியை உலகச் சாம்பியனாக்கியவர். பிறகு பெண்கள் அணிக்கு வந்தபோது, நாடெங்கும் தேடி நல்ல சிறுமிகளைப் பொறுக்கி எடுத்து ஓரிடத்தில் தங்க வைத்து, படிப்பையும் நடத்தி, இத்தாலியக் கைப்பந்துக் கூட்டமைப்பின் சொந்த அணியாகத் தேசிய லீக்கில் இறக்க வேண்டும் என்றார். கவனியுங்கள், சிறுவர் லீக்கில் அல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் பெரியவர்களின் லீக்கில். லிமாவுக்கு முன் இரண்டாம் பிரிவில் ஆடினார்கள். லிமாவிலிருந்து திரும்பியதும், 2015-16 பருவத்தில், முதல் பிரிவிலேயே ஆடினார்கள். உலகின் மிகக் கடினமான பெண்கள் லீக்குகளில் ஒன்று அது. பிரேசில், செர்பியா, அமெரிக்கா என்று பல நாட்டு ஒலிம்பிக் வீராங்கனைகள் அங்கே ஆடுவார்கள். அவர்களுக்கு எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள். வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகம். தோற்றதற்காக யாரும் பயிற்சியாளரை மாற்றவில்லை, அணியைக் கலைக்கவும் இல்லை.

இதனால் என்ன கிடைக்கிறது என்பதற்கு செட்டரின் வேலையைப் பார்த்தால் போதும். எதிரணி சர்வீஸ் போடுகிறது. நம் பக்கத்தில் முதல் ஆள் பந்தை எடுக்கிறார். அது நேராகச் செட்டரின் தலைக்கு மேல் வந்தால் கவலை இல்லை. பெரும்பாலும் வராது. வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, ஓரமாக, சுழன்றுகொண்டு வரும். செட்டர் ஓடிப் போய் அதன் கீழே நிற்க வேண்டும். முன்பக்கம் கொடுப்பதா, நடுவில் குட்டையாகக் கொடுப்பதா, முதுகுக்குப் பின்னால் எறிவதா என்று ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். வலைக்கு அந்தப் பக்கம் நடுவில் நின்று தடுக்கிற பிளாக்கர் பந்தைப் பார்க்க மாட்டார். செட்டரின் தோளையும் முழங்கையையும் பார்ப்பார். பின்னால் கொடுக்கப் போகிற செட்டர் கொஞ்சம் முன்கூட்டியே முதுகை வளைத்தால், அந்தக் கணமே பிளாக்கர் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார். பந்து அடிக்கிறவர் எதிரே இரண்டு ஜோடிக் கைகள் தயாராக இருக்கும்.

பதினேழு வயது ஆட்டத்தில் இந்தத் தவறுக்குத் தண்டனை பெரும்பாலும் கிடைக்காது. எதிரே நிற்கிற பிள்ளைக்கும் தோளைப் படிக்கத் தெரியாது. அணியிலேயே உயரமான பெண்ணுக்குப் பந்தை உயரத் தூக்கிப் போட்டால் புள்ளி வந்துவிடும். உலக இளையோர் போட்டியிலும் பாதி ஆட்டங்கள் இப்படித்தான் நடக்கின்றன, பார்த்தால் தெரியும். அனுபவசாலியிடம் இது எடுபடாது. பத்து வருடமாக லீக் ஆடும் பெண்மணி ஒருவர் முதல் செட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் ஆட்டம் முழுக்கக் கை வைத்துத் தடுத்துக்கொண்டே இருப்பார். வாராவாரம் இந்த அடி வாங்குகிற செட்டர் ஒன்று விளையாட்டை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே மாதிரி நிற்கப் பழகிவிட வேண்டும். சார்டீனியாத் தீவிலிருந்து வந்த ஓரோ விட்டுவிடவில்லை.

நம் ஊரில் மாவட்டப் போட்டிக்கு ஓர் அணி எடுப்போம், கோப்பையோடு படம் பிடிப்போம், சான்றிதழைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். அடுத்த வருடம் வேறு பிள்ளைகள். இத்தாலிக்காரர்கள் செய்வதோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லைதான். பணம் வேறு, லீக் வேறு. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதில் பெண்ணை வீட்டை விட்டு அனுப்புவது எல்லாருக்கும் ஒத்துவரும் ஏற்பாடு அல்ல. அதில் உடைந்து போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஜெயித்தவர்களைத்தான் நாம் பேட்டி எடுக்கிறோம்.

எகோனுவின் கதையில் வேறொரு முடிச்சு இருக்கிறது. பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்தது இத்தாலியில், பாதுவா அருகே சித்தாதெல்லா என்னும் ஊரில். அங்கே பிறந்ததாலேயே குடியுரிமை கிடைத்துவிடாது. அப்பாவுக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்த பிறகுதான், சுமார் பதினாலு வயதில், அவருக்கும் கிடைத்தது. அரசு அலுவலகத்தில் அந்தக் கோப்பு இன்னும் சில வருடம் தூங்கியிருந்தால் லிமாவில் அந்த அணிக்கு எகோனு இல்லை.

இளையோர் கோப்பை வாங்கியதும் எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டதா? இல்லை. அடுத்த ஆண்டே எகோனு, ஓரோ இரண்டு பேரும் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார்கள். இத்தாலி ஐந்து ஆட்டத்தில் ஒன்றில் மட்டும் வென்று முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. 2018 உலகப் போட்டி இறுதியில் செர்பியாவிடம் 3-2 என்று தோல்வி. டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதியில் மறுபடி அதே செர்பியா. 2022 உலகப் போட்டியில் வெண்கலம். அந்த ஆட்டம் முடிந்த கையோடு எகோனு அழுதார். நீ இத்தாலியப் பெண்தானா என்று கேட்கிறார்கள், இனி தேசிய அணிக்கு ஆட வேண்டுமா என்று யோசிக்கிறேன் என்றார்.

இதற்கிடையில் கிளப் இத்தாலியா தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2017-இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் இத்தாலி மறுபடி இளையோர் கோப்பையை வென்றது, இம்முறை இறுதியில் டொமினிக்கன் குடியரசை. அந்த அணியில் ஆடிய சாரா ஃபார், மரினா லூபியான் இருவரும் பின்னாளில் பெரியவர்கள் அணிக்கு நடு பிளாக்கர்கள் ஆனார்கள். 2024-இல் வெலாஸ்கோவும் திரும்பி வந்தார், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, பெண்கள் அணிப் பயிற்சியாளராக.

அந்த ஆகஸ்டில் பாரிஸ். ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் இத்தாலிக்கு எதிரே அமெரிக்கா, லிமாவில் நின்ற அதே இரண்டு நாடுகள். மூன்றே செட்டில் முடிந்தது. ஆணோ பெண்ணோ, இத்தாலியக் கைப்பந்துக்கு அதுவரை ஒலிம்பிக் தங்கம் கிடையாது. வெலாஸ்கோவே 1996 அட்லாண்டாவில் ஐந்தாவது செட் 17-15 என்று போனதில் வெள்ளியோடு நின்றவர். பாரிசில் சிறந்த வீராங்கனை எகோனு. ரோம் நகரச் சுவர் ஒன்றில் அவர் பந்தை அடிப்பது போல ஓவியம் வரைந்தார்கள். மறுநாளே யாரோ வந்து, ஓவியத்தில் அவருடைய கறுப்புத் தோலின் மேல் இளஞ்சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போனார்கள். தங்கம் வாங்கியவருக்கு இது.

ஓரோவைப் பற்றி அப்போதும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. செட்டர்களின் விதி அது, கைதட்டல் எப்போதும் அடிக்கிறவருக்குத்தான். 2025 செப்டம்பரில் பாங்காக்கில் உலகப் போட்டி இறுதியாட்டம், எதிரணி துருக்கி. அவர்களும் 2011-இல் அங்காராவில் இந்த இளையோர் கோப்பையை வென்று வந்தவர்கள்தான். ஐந்து செட் வரை இழுத்துக்கொண்டு போய் இத்தாலி வென்றது. அன்று தொடரின் சிறந்த வீராங்கனை என்று அழைத்தது அலெசியா ஓரோவின் பெயரை.

இத்தனை நேரம் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.