நீண்ட ஆயுளை மறுத்த இருவர்

அவையோருக்கு வணக்கம்.

பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் இலியட், ஒடிசி காவியங்களைப் பேசும்போது அக்கிலீஸைக் கோபக்காரன் என்றும் ஒடிசியஸைத் தந்திரசாலி என்றும் சொல்லி முடித்துவிடுகிறோம். காலத்தோடு இந்த இருவரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத்தான் நான் இன்று பேச விரும்புகிறேன்.

அக்கிலீஸுக்குத் தன் ஆயுள் கணக்குத் தெரியும். கிரேக்கர்கள் முற்றுகையிட்ட ட்ராய் நகரில் நின்று போரிட்டால் அழியாப் புகழ் உண்டு, ஊர் திரும்ப முடியாது. ஊருக்குப் போனால் நெடுநாள் வாழலாம், புகழ் இல்லை. இதைச் சொன்னவள் பெற்ற தாய் தெட்டிஸ். உயிர் நண்பன் பட்ரோக்ளஸ் ட்ராய் இளவரசன் ஹெக்டரின் கையில் மாண்டபின், "ஹெக்டரைக் கொன்றால் அடுத்தது உன் சாவு" என்று அழுகிறாள். "அப்படியானால் இப்போதே சாகிறேன்" என்கிறான் மகன்.

இலியட் 21ஆம் காண்டத்தைப் பாருங்கள். லைக்கேயோன் ட்ராய் மன்னன் பிரையமின் மகன். முன்பே அவனைப் பிடித்து லெம்னோஸ் தீவில் விற்றவன் அக்கிலீஸ். மீண்டு வந்தவன் 11 நாள் சொந்தங்களோடு மகிழ்ந்திருந்தான். 12ஆம் நாள் மறுபடி அதே கையில் சிக்கினான். முழங்காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சுகிறான். "நண்பா, நீயும் செத்துப் போ. உன்னைவிட மேலான பட்ரோக்ளஸே போய்விட்டான். எனக்கும் ஒரு விடியலோ, மாலையோ, நடுப்பகலோ வரத்தான் போகிறது" என்கிறான் அக்கிலீஸ். கொடுமைதான். ஆனாலும் கொல்கிறவன் தன்னையும் சாகிறவர்களின் வரிசையில் நிறுத்திக்கொண்டு பேசுகிறானே!

ஒடிசியஸ் வேறு வார்ப்பு. 10 ஆண்டு போர், 10 ஆண்டு அலைச்சல். அதில் 7 ஆண்டு கலிப்சோவின் தீவில். மூப்பும் சாவும் இல்லாத வாழ்வைத் தருகிறேன் என்கிறாள் அந்தத் தேவதை. உன் அழகுக்கு என் மனைவி பெனிலோப்பி ஈடாக மாட்டாள், அவள் சாகப் பிறந்தவள், ஆனாலும் என் வீட்டுக்கே போக வேண்டும் என்கிறான். தன் தீவான இத்தாக்கா வந்தபின்னும் பிச்சைக்கார வேடத்தில் சொந்த வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறான். "பொறு மனமே, இதைவிடக் கேவலத்தையும் பொறுத்தாய் அல்லவா" என்று தன் நெஞ்சுக்கே சொல்லிக்கொள்கிறான். அலைச்சலின்போது, செத்தவர்களின் பாதாளத்தில் அவன் சந்தித்த அக்கிலீஸோ, செத்தவர்களுக்கு அரசனாக இருப்பதைவிட நிலமில்லாத ஏழையிடம் கூலிக்கு உழைப்பதே மேல் என்கிறான். அந்த வரி என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது.

இருந்தும் இருவரில் அக்கிலீஸிடம்தான் என் மனம் நிற்கிறது. ஒடிசியஸுக்குக் காத்திருக்க நாள் இருந்தது. அக்கிலீஸுக்கு இல்லை. அப்படிப்பட்டவன், மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு வந்த கிழவன் பிரையமிடம், அடக்கம் செய்ய எத்தனை நாள் வேண்டும் என்று தானாகவே கேட்கிறான். ஒன்பது நாள் அழுவோம், பத்தாம் நாள் அடக்கம், பதினோராம் நாள் கல்லறை மேடு எழுப்புவோம், பன்னிரண்டாம் நாள் வேண்டுமானால் போரிடுவோம் என்கிறார் கிழவர். "அப்படியே ஆகட்டும், அதுவரை போரை நிறுத்தி வைக்கிறேன்" என்று அவர் வலது மணிக்கட்டைப் பற்றுகிறான்.