ஹனோயில் சாப்பிடுபவரும் சமைக்கிறார்

நண்பர்களே, வணக்கம்.

வியட்நாமின் தலைநகர் ஹனோயில் உணவு மேசைக்கு வரும்போது முக்கால் பாகம்தான் முடிந்திருக்கும். மீதிக் கால் பாகம் சாப்பிடுபவர் கையில். அந்தக் கைப்பக்குவத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஃபோ. மாட்டெலும்புச் சாற்றில் தட்டையான அரிசி நூடுல்ஸ் போட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘நாம் தின்’ என்னும் ஊரை ஒட்டியும் ஹனோய் வட்டாரத்திலும் உருவானது. இதன் உயிர் சாறுதான். அது தெளிந்திருக்க வேண்டும். ஐந்து பேருக்கு 2 கிலோ எலும்பு எடுத்து, கொதிநீரில் 10 நிமிடம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரை முழுதும் கொட்டிவிட்டு எலும்பைத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 5 லிட்டர் புதுத் தண்ணீரில் 6 முதல் 8 மணி நேரம் வைக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழும் அளவுக்கே தீ. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து சாற்றில் கலந்துவிடும். அப்புறம் எத்தனை முறை வடிகட்டினாலும் கலங்கல் போகாது.

100 கிராம் இஞ்சியையும் இரண்டு வெங்காயத்தையும் தோலோடு நெருப்பில் சுட்டு, கருகிய தோலைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். அன்னாசிப்பூ ஐந்து, பட்டை ஒரு துண்டு, கறுப்பு ஏலக்காய் ஒன்று, கிராம்பு மூன்று: இவற்றை வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் போட்டு எடுத்தால் போதும். ஊறிக் கிடந்தால் கசக்கும். மாட்டிறைச்சியின் மணத்தையும் அமுக்கிவிடும். நுவோக் மாம் என்ற, உப்பில் புளிக்கவைத்த மீன் சாறு இறக்கும் நேரத்தில். நூடுல்ஸில் உப்பில்லை, ஆகவே சாறு ஒரு சிட்டிகை உப்புக் கூடியே இருக்கட்டும்.

கிண்ணம் வந்ததும் எதையும் பிழியாமல், எதையும் ஊற்றாமல் ஒரு கரண்டி சாறு குடியுங்கள். எவ்வளவு புளிப்பு வேண்டும் என்பதை அந்த ஒரு வாய்தான் சொல்லும். பிறகு பூண்டு ஊறிய வினிகர் அரைக் கரண்டி, பச்சையாக நறுக்கிய மிளகாய் இரண்டு வட்டம். முளைகட்டிய பயறு, துளசித் தழை, இனிப்பான சோயா விழுது எல்லாம் தெற்கே சைகோன் வழக்கம். அதுவும் நல்ல ருசிதான். ஆனால் ஹனோய்ச் சாற்றின் மென்மையை அது மூடிவிடும். பேசிக்கொண்டு ஆறவிடாதீர்கள். பத்து நிமிடம் தாண்டினால் நூடுல்ஸ் சாற்றைக் குடித்து ஊதிவிடும்.

மதியச் சாப்பாடு பூன் சா. கரியில் சுட்ட பன்றி இறைச்சி, வெதுவெதுப்பான மீன் சாற்றுக் கலவையில் மிதந்து வரும். மீன் சாறு, சர்க்கரை, வினிகர் ஒவ்வொரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. தனியே வரும் நூடுல்ஸை அதில் மொத்தமாகக் கொட்டினால் கலவை நீர்த்துப்போகும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக நனைக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு தெருவுக்கே தன் பெயரைக் கொடுத்த சா கா. முன்பு ஹாங் சோன் என்றிருந்த அந்தத் தெரு இன்று சா கா தெரு. மஞ்சளிலும் அரத்தையிலும் ஊறிச் சுட்ட மீனை மேசையிலேயே சூடான எண்ணெயில் போட்டு, சதகுப்பைத் தழையும் வெங்காயத்தாளும் கைநிறைய அள்ளிப் போடுவார்கள். தழை வதங்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். கறுத்தால் மணம் போயிற்று. தொட்டுக்கொள்ள மாம் தோம் என்னும் புளித்த இறால் விழுது. அதன் வாடைக்கு மிரண்டு தள்ளி வைத்துவிடாதீர்கள். எலுமிச்சை, சர்க்கரை, மிளகாயோடு வாணலியின் சூடான எண்ணெய் ஒரு கரண்டி விட்டு, நுரை பொங்கும்வரை அடியுங்கள். வாடை தணிந்து உவர்ப்பும் புளிப்பும் முன்னே வரும். நூடுல்ஸ், வறுத்த வேர்க்கடலை, மீன், தழை எல்லாம் சிறு கிண்ணத்தில் சேர்ந்தபின் அந்த இறால் விழுதை அரைக் கரண்டி விடுங்கள், போதும்.