மூச்சு முட்டும்போது மனம் படும் பாடு

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

பினாங்கில் ஆஸ்துமாவைப் பற்றிக் கூட்டம் நடந்தால் தூசியையும், 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நம் வானத்தை மறைத்த புகைமூட்டத்தையும் பற்றி நிறையப் பேசுவோம். நோயாளியின் அச்சமும் வெட்கமும் அவருடைய சிகிச்சையையே குலைத்துவிடுகின்றன என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

நள்ளிரவில் நெஞ்சு இறுகி எழுந்து உட்காருகிறவரிடம் "பயப்படாதே" என்கிறோம். மூச்சு கிடைக்காதபோது பயப்படுவது உயிரின் இயல்பு. பயத்தில் அவர் வாயால் வேகவேகமாக இழுக்கும் காற்று, மூக்கில் சூடும் ஈரமும் பெறாமல் உள்ளே சென்று மூச்சுக்குழாய்களை மேலும் சுருக்கக்கூடும். மனம் கொந்தளிக்கும்போது, மூளையிலிருந்து நுரையீரலுக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாகவும் அக்குழாய்த் தசைகள் இறுகுவதுண்டு. ஆகவே அவருடைய பயத்தைக் கோழைத்தனம் என்று தள்ளுவது பெரும் அநியாயம். பதற்றத்தால் வரும் மூச்சுத்திணறலும் ஆஸ்துமாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், பலமாக ஊதி அளவு பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டர் வீட்டில் இருப்பது நல்லது. நலமாக இருக்கும் நாளின் அளவைக் குறித்து வைத்திருந்தால், திணறும் நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் ஆஸ்துமா என்றே எண்ணி மருந்தை எடுங்கள்.

வெட்கம் இன்னும் ஆழமானது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், "அந்தப் பம்பை எடுத்து உள்ளே வைம்மா" என்று தாயே சொல்கிறார். அன்று அலமாரிக்குள் போன அந்த இன்ஹேலரில் இருந்தது, திணறல் வராமல் காக்க அன்றாடம் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு தடுப்பு மருந்து. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு அஞ்சுகிறவர்களும், "பழகிவிடும்" என்ற பேச்சை நம்புகிறவர்களும் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். உடனடி நிவாரணம் தரும் நீலப் பம்பை மட்டும் கைப்பையில் ஒளித்து வைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் அவ்வகை மருந்தை மட்டுமே தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று ஜீனா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019 முதல் வலியுறுத்தி வருகிறது. மூச்சுக்குழாய்களின் உள்வீக்கமாகிய அழற்சியை அந்த நீலப் பம்பு மருந்து தணிப்பதில்லை.

மருந்தாலும் மனம் மாறலாம். பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுத்து எரிச்சலை உண்டாக்கலாம். மான்டெலுகாஸ்ட் என்னும் ஆஸ்துமா மாத்திரை தொடர்பான மனநலப் பாதிப்புகளைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. பிள்ளை திடீரென்று கோபக்காரனாகவோ சோர்ந்தோ போனால் திட்டாதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, எத்தனை இரவு இருமினீர்கள் என்பதோடு, பயந்து எந்த விசேஷத்துக்குப் போகாமல் இருந்தீர்கள், யார் முன்னால் மருந்தை மறைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கவில்லையென்றாலும் சொல்லுங்கள்.