முண்ணாண் காயமும் துடிக்கும் கால்களும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். மைய நரம்புத் தொகுதி என்றதும் பலருக்கும் மூளையே நினைவுக்கு வரும். ஆனால் முதுகில் எறிகணைச் சிதறல் பாய்ந்தவர்களும், பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவர்களும் சக்கர நாற்காலியில் வாழும் இந்த வன்னியில், அத்தொகுதியின் மற்றைய உறுப்பாகிய முண்ணாணைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

மூளைக்கும் உடலுக்கும் இடையே கட்டளைகளையும் உணர்வுகளையும் கடத்தியபடி முள்ளந்தண்டு எலும்புகளின் நடுத்துவாரத்தினூடே இறங்கும் முண்ணாண், வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளமும் சுண்டுவிரற் பருமனும் கொண்டது. அதிலிருந்து 31 சோடி நரம்புகள் பிரிகின்றன. கழுத்துப் பகுதியின் 3ஆம், 4ஆம், 5ஆம் நரம்புகள் மூச்சை உள்ளிழுக்கும் தசையாகிய பிரிமென்றகட்டை இயக்குவதால், அவற்றுக்கு மேலே முண்ணாண் முற்றாக அறுந்தால் தானாக மூச்செடுக்க முடியாது. நெஞ்சு மட்டத்தில் அறுந்தவருக்குக் கைகள் இயங்கும், கால்கள் இயங்கா. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் நரம்புகள் கீழ்நுனியில் இருப்பதால், மேலே எங்கே அறுந்தாலும் அந்தக் கட்டுப்பாடும் போய்விடுகிறது.

“கால் தானாத் துடிக்குது ஐயா, இனி நடப்பாரோ?” என்று வீட்டார் கேட்கும்போது பதில் சொல்வது கடினம். முண்ணாணின் உட்புறத்து நரைநிறப் பகுதியில் நரம்புக்கலங்கள் உள்ளன. போர்வை காலில் உரசினாலே அந்த உணர்வு முண்ணாணுக்குள் நுழைந்து, மூளைக்குப் போகாமலே தசைக்குக் கட்டளையாகத் திரும்புகிறது. வழமையாக இதனை அடக்கிவைப்பது மூளை. அந்தத் தொடர்பு அறுந்தபின் துடிப்பு வலுக்கிறது. ஆகவே துடிப்பை மட்டும் வைத்துக் குணமாகிறது என்று கொள்ள முடியாது. கையில் வெட்டுண்ட நரம்பு மெல்ல வளர்வதுபோல் முண்ணாண் இழைகள் வளர்வதில்லை. எனினும் முற்றாக அறுபடாதவர்களுக்கு ஓரளவு இயக்கம் திரும்பக்கூடும் என்பதால், பயிற்சியைக் கைவிட வேண்டாம்.

ஒரே இடம் அழுந்திப் புண்ணானாலும் உணர்விழந்த தோல் வலியைச் சொல்லாது. எனவே படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். மரத்தால் விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்காமல், தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒரே நேராக வைத்திருந்து 1990 என்ற அம்புலன்ஸ் சேவை இலக்கத்துக்கு அழையுங்கள்.

நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே காயமுற்ற ஒருவருக்குத் திடீரெனக் கடும் தலையிடியும் முகத்தில் வியர்வையும் தோன்றினால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். பெரும்பாலும் சிறுநீர் தேங்குவதே இதைத் தூண்டுவதால், உடனே அவரை நிமிர்த்தி இருத்தி, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடிந்தோ அடைபட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு நீங்கியும் தலையிடி தணியாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, பழைய முண்ணாண் காயம் உள்ளவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.