மந்தத்தைத் தீர்த்தது ரூஸ்வெல்ட்டா, போரா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பி அனுப்பியது. "ஐயா, ரூஸ்வெல்ட் 'நியூ டீல்' கொண்டுவந்து அமெரிக்காவைப் பெருமந்தத்திலிருந்து மீட்டார் என்று புத்தகத்தில் படித்தேன். ஒரு வீடியோவில், அவரால் ஒன்றும் ஆகவில்லை, இரண்டாம் உலகப் போர்தான் காப்பாற்றியது, சொந்த நாட்டு மக்களையே முகாமில் அடைத்தவர் அவர் என்கிறார்கள். நான் எதை எழுதுவது?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் என்று இரண்டு அதிபர்கள் உண்டு. டெடி கரடி பொம்மைக்குப் பெயர் தந்தவர் தியடோர். நாம் பேசுவது அவருக்குத் தூரத்து உறவான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பற்றி. 1933 மார்ச்சில் பதவிக்கு வந்து, 1945 ஏப்ரலில் பதவியில் இருக்கும்போதே இறந்தவர். நான்கு தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்தவர். 1930-களின் பெரும் பொருளாதாரச் சரிவைத்தான் பெருமந்தம் என்கிறோம். அதைச் சமாளிக்க அவர் கொண்டுவந்த திட்டங்கள், சட்டங்களின் மொத்தப் பெயர்தான் நியூ டீல். மந்தமும் அவர் தலையில்தான் விடிந்தது, போரும் அவர் தலையில்தான் விடிந்தது. அதனால் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடப் பார்க்கிறோம். அது சரிப்படாது தம்பி. எது அவர் கையில் இருந்தது, எது அவர் கையை மீறிப் போனது என்று பிரித்துப் பாருங்கள்.

வங்கிக் கதையிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அவர் பதவியேற்ற நேரத்தில் நாலு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. அதற்கு முந்தைய மூன்று, நான்கு ஆண்டுகளில் சுமார் 9,000 வங்கிகள் படுத்துவிட்டன. வங்கி என்ன செய்கிறது? நாம் போடும் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அதை யாருக்காவது கடனாகக் கொடுத்திருக்கும். ஒருவர் பயந்துபோய்ப் பணத்தை எடுக்கிறார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் ஓடுகிறார். எல்லோரும் ஒரே நாளில் போய் நின்றால் எவ்வளவு நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது.

மார்ச் 4 பதவியேற்பு. 6-ஆம் தேதி நாடு முழுக்க வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்தார். 9-ஆம் தேதி அவசரமாக ஒரு வங்கி மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர்களுக்குக் கொடுக்கப் பிரதிகூட அச்சாகவில்லை, வாசித்துக் காட்டித்தான் நிறைவேற்றினார்கள். அன்று இரவே கையெழுத்துப் போட்டார். எந்த வங்கி தேறும், எது தேறாது என்று பார்த்து, தேறுவதை மட்டும் திறப்பது என்பதுதான் திட்டம். 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு ரேடியோவில் பேசினார். கால் மணி நேரப் பேச்சு. மேலே நான் சொன்னேனே, வங்கி பணத்தை என்ன செய்கிறது என்று, அதைத்தான் அவரும் பொறுமையாக விளக்கினார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட, திறக்கும் வங்கியில் வைப்பது பத்திரம் என்றார்.

மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கின, மறுபடியும் வரிசை. ஆனால் இந்த முறை நின்றவர்கள் பணத்தைத் திரும்பப் போட வந்தவர்கள்! பீதியில் எடுத்துப் பதுக்கிய பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த மாதக் கடைசிக்குள் வங்கிக்குத் திரும்பிவிட்டது. பங்குச் சந்தை திறந்த மார்ச் 15 அன்று டௌ குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. இதைப் போர் செய்யவில்லை. போருக்கு இன்னும் ஆறரை வருடம் இருந்தது.

இதிலும் ஒரு உள்விஷயம் இருக்கிறது. அந்த மசோதாவின் பெரும்பகுதியைத் தயாரித்தவர்கள், அவருக்கு முன் அதிபராக இருந்த ஹூவரின் நிதித்துறை அதிகாரிகள். அதற்கும் முன்னால், நவம்பரில் ஜெயித்து மார்ச்சில் பதவியேற்கும்வரை நான்கு மாதம் இருந்ததே, அப்போது ஹூவர் சேர்ந்து செயல்படலாம் என்று கூப்பிட்டார். இவர் பிடிகொடுக்கவில்லை. ஹூவர் ஆட்சியின் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள விருப்பமில்லை. அரசியல் ரீதியாகப் புத்திசாலித்தனம்தான், ஆனால் அதற்குள் எத்தனை பேருடைய சேமிப்பு போயிருக்கும்! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வங்கி வைப்புத்தொகைக்கு அரசுக் காப்பீடு வந்ததல்லவா, அவருடைய சாதனைகளில் முதல் வரிசையில் எழுதுவார்களே, அதற்கு ஆரம்பத்தில் அவரே ஆதரவாக இல்லை. நாடாளுமன்றம்தான் வற்புறுத்திக் கொண்டுவந்தது. வந்தபின் வங்கி முறிவுகள் சட்டென்று குறைந்தன.

சரி, வேலைவாய்ப்புக்கு வருவோம். இளைஞர்களைக் காட்டுவேலைக்கு அனுப்பும் திட்டத்தில் மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1935-இல் தொடங்கிய பெரிய வேலைத் திட்டத்தில், எட்டு ஆண்டுகளில் சுமார் 85 லட்சம் பேர் சாலை, பாலம், பள்ளிக்கூடம் என்று கட்டினார்கள். வேலையின்மை 1937-இல் 14 சதவீதத்துக்கு இறங்கியது. அப்போது தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். நோய் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, வரவுக்குள் செலவு என்று அரசுச் செலவை வெட்டினார். மத்திய வங்கியும் தன் பங்குக்குக் கடனை இறுக்கியது. 1938-இல் வேலையின்மை மறுபடி 19 சதவீதம். இது முழுக்க அவர் கையில் இருந்த விஷயம், எதிரிகள் செய்த சதி இல்லை.

1940-இலும் 14 சதவீதத்துக்கு மேல் வேலையின்மை இருந்தது என்பார்கள், அந்த வீடியோவிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இங்கே ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. அந்தக் கணக்கில், அரசு வேலைத் திட்டத்தில் மண் வெட்டிக் கூலி வாங்கியவரையும் வேலையில்லாதவர் என்றே எழுதியிருக்கிறார்கள். அவர்களை வேலையில் இருப்பவர்களாகச் சேர்த்தால் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வருகிறது. அதுவும் பெரிய எண்தான், மறுக்கவில்லை. 1944-இல் அது 1.2 சதவீதம் ஆனது. ஆக, கடைசிக் குழியை நிரப்பியது போர்தான்.

ஆனால் போர் எப்படி நிரப்பியது? அரசு கடன் வாங்கிக் கொட்டிச் செலவு செய்தது. விமானத் தொழிற்சாலை, கப்பல் கட்டும் தளம் என்று கூலி கொடுத்தது, கோடிக்கு மேற்பட்டவர்களை ராணுவத்தில் சேர்த்தது. 1930-களில் தயங்கித் தயங்கிச் செய்ததை 1942-இல் கை கூசாமல் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். "போர்தான் காப்பாற்றியது, நியூ டீல் வீண்" என்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

நியூ டீலில் யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் பாருங்கள். 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயக் கூலிகளும் வீட்டுவேலை செய்பவர்களும் இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்தது அந்த வேலைகள்தான். கறுப்பினத்தவரைக் கும்பல் சேர்ந்து கொல்வதைத் தடுக்க வந்த மசோதாவுக்கும் அவர் வெளிப்படையாக ஆதரவு தரவில்லை. தென்னக உறுப்பினர்களின் ஓட்டு போய்விடும் என்ற கணக்கு.

போர்க்காலத் தலைமையைப் பற்றி நீட்டவில்லை. பக்கத்து வீடு தீப்பிடித்தால் என் தோட்டக் குழாய்க்கு விலையா பேசிக்கொண்டிருப்பேன் என்று உவமை சொல்லி, போரில் இறங்க விரும்பாத மக்களை மெல்ல மெல்லத் திருப்பி, 1941 மார்ச்சில் பிரிட்டனுக்கு ஆயுதம் கொடுக்கும் கடன்-குத்தகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

முகாம் விஷயத்தில் அந்த வீடியோ சொல்வது உண்மை. 1942 பிப்ரவரி 19, ஆணை எண் 9066. மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விடச்சொல்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சில குடும்பங்களைப் பந்தயக் குதிரை லாயத்தில் தங்க வைத்தார்கள், சாணி வாடை போகாத கொட்டடியில். ஓக்லாந்தில் ஒரு மளிகைக் கடையின் முகப்பில் "நான் அமெரிக்கன்" என்று பெரிய எழுத்தில் பலகை தொங்குகிற புகைப்படம் இருக்கிறது. ஹவாய் தீவிலிருக்கும் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய மறுநாளே கடைக்காரர் மாட்டியது அது. அவரையும்தான் அனுப்பினார்கள்.

"அந்தக் காலம் அப்படி, போர்ப் பயம்" என்று சமாதானம் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருடைய சட்ட அமைச்சர் பிடில் வேண்டாம் என்றார். உளவு பார்ப்பதே தொழிலாக இருந்த எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரே (இது வேறு ஹூவர்) தேவையில்லை என்றார். அதைவிடப் பெரிய சாட்சி ஹவாய். குண்டு விழுந்தது அங்கேதான். ஒன்றரை லட்சம் ஜப்பானிய வம்சாவளியினர், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அங்கே இருந்தார்கள். ஆனால் அங்கே அடைக்கப்பட்டவர்கள் மிகச் சொற்பம். ஏன்? அவர்களை அடைத்தால் தீவே ஓடாது. அப்படியென்றால் ஆபத்து எவ்வளவு நிஜம் என்று நீங்களே யோசியுங்கள். 1988-இல் ரீகன் ஆட்சியில் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் செய்தது.

நம் பக்கத்துக்கும் ஒரு வரி. வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு, 1944 ஏப்ரலில், ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கோதுமை ஏற்றக் கப்பல் தரமுடியுமா என்று சர்ச்சில் அவரிடம் கேட்டார். போருக்குக் கப்பல் தேவை என்று மறுத்துவிட்டார். நார்மண்டியில் படையிறக்கும் நேரம், உண்மையிலேயே கப்பல் தட்டுப்பாடுதான். அதை நான் எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

தேர்வில் எப்படி எழுதுவது என்றீர்கள் தம்பி. ஒரு வரிக் கேள்வியென்றால் நியூ டீலின் மூன்று நோக்கங்களை, நிவாரணம், மீட்சி, சீர்திருத்தம் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். விரிவான விடையென்றால் வங்கி, 1937 சறுக்கல், 9066 மூன்றையும் கண்டிப்பாகச் சேருங்கள். வைப்புக் காப்பீட்டுச் சட்டம் 1933, சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935. இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சரி, அடுத்த கேள்வி என்ன வந்திருக்கிறது என்று பார்ப்போம்.