வீட்டுக்குள் வயர்லெஸ் ஹெட்போன் வாங்கலாமா?

இன்றைய கேள்வி ஒரு சகோதரி அனுப்பியது. "வீட்டு வேலை செய்துகொண்டே பாட்டுக் கேட்பேன். இரவு குழந்தை தூங்கிய பிறகு டிவி பார்ப்பேன். வயர் ஹெட்போன் கதவுக் கைப்பிடியில் மாட்டி மாட்டி அறுந்துபோகிறது. வயர்லெஸ் வாங்கலாமா? கதிர்வீச்சு ஆபத்து என்று வீட்டில் பயப்படுகிறார்கள்."

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். வயர்லெஸ் ஹெட்போன் பெரும்பாலும் ப்ளூடூத்தில் இயங்குகிறது. ப்ளூடூத் என்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. வைஃபையும் அந்த அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. எக்ஸ்ரே போல அயனியாக்கும் கதிர்வீச்சு இது இல்லை. ஹெட்போன் அனுப்பும் சக்தி சில மில்லிவாட்தான். சிக்னல் பலவீனமான இடத்தில் போனைக் காதோடு ஒட்டிப் பேசும்போது, அந்தப் போன் இதைவிடப் பல மடங்கு சக்தியோடு அலையை அனுப்புகிறது. அதனால் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் கவலைப்படுவது சத்தத்தைப் பற்றி. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம்தான். வீட்டில் என்ன நடக்கிறது? குழாயைத் திறக்கிறோம், பாட்டு கேட்கவில்லை, வால்யூமைக் கூட்டுகிறோம். குழாயை மூடிய பிறகு குறைக்க மறந்துவிடுகிறோம். வயர் இல்லாததால் கழற்றவும் தோன்றாது, அப்படியே மூன்று நான்கு மணி நேரம் ஓடிவிடும். வயர்லெஸ்ஸின் வசதியே இங்கே ஆபத்தாகிறது.

வெளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதி இருந்தால் மின்விசிறி, ஏசி போன்ற ஒரே சீரான இரைச்சல் அடங்கிவிடும், குறைந்த வால்யூமே போதும். அது நல்லதுதான். ஆனால் அதிலும் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. ஒருநாள் இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் என் மகள் விழித்து அழுதது எனக்குத் தெரியவே இல்லை. கழற்றிய பிறகுதான் கேட்டது. எவ்வளவு நேரம் அழுதாளோ! அன்றிலிருந்து வீட்டு வேலையின்போது ஒரு காதில் மட்டும்தான் போடுகிறேன். உங்கள் வீட்டிலும் குழந்தை இருக்கிறது, தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு தனித்தனி இயர்பட் உள்ள வகையில் பெரும்பாலும் ஒன்றை மட்டும் பயன்படுத்த முடியும். ஒன்று காதில் இருக்கும்போது மற்றது சார்ஜ் ஆகும், காதுகளுக்கும் மாறி மாறி ஓய்வு கிடைக்கும்.

அப்புறம், இடையிடையே பாட்டு அறுந்தால் உடனே ஹெட்போனைக் குறை சொல்லாதீர்கள். சாதாரணமாகப் பத்து மீட்டர் வரை எட்டும், சுவர் வந்தால் குறையும். நம் உடம்பில் இருக்கும் தண்ணீரும் இந்த அலையை உறிஞ்சும். போனைப் பின் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் ஓடுகிறது, அது ஓடும்போது கரகரப்பு வரலாம்.

லேப்டாப்பில் மீட்டிங் என்றால் ஒரு தொல்லை உண்டு. ஹெட்போனின் மைக் இயங்கத் தொடங்கியதும் வழக்கமான ப்ளூடூத் அழைப்பு முறைக்கு மாறிவிடும், இனிமையாக இருந்த ஒலி பழைய தொலைபேசிபோல் ஆகிவிடும். செட்டிங்கில் மைக்குக்கு லேப்டாப்பையே தேர்ந்தெடுங்கள், கேட்பதற்கு மட்டும் ஹெட்போன் இருக்கட்டும்.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். லித்தியம் அயன் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கிவிடும். சின்ன இயர்பட்டைத் திறந்து பேட்டரி மாற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம். தலைமேல் மாட்டும் பெரிய வகையில் வயர் செருகவும் துளை இருந்தால், பேட்டரி தளர்ந்த பிறகும் அது பயன்படும். எனக்கு அந்த வகைமேல்தான் விருப்பம்.

சரி, இரவு டிவிக்கு வருவோம். ப்ளூடூத்தில் ஒலி கால் நொடி வரைகூடத் தாமதமாக வரலாம். போனில் வீடியோ பார்க்கும்போது செயலியே படத்தையும் அந்த அளவு தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். எல்லா டிவியும் அப்படிச் செய்வதில்லை, உதடு முதலில் அசையும், பேச்சு பிறகு வரும். டிவியில் இருக்கும் 'ஆடியோ டிலே' வசதி பெரும்பாலும் ஒலியை இன்னும் தள்ளிப்போடத்தான் உதவும், முன்னால் இழுக்காது. இதற்கென்றே டிவியோடு இணைக்கும் சிறிய டிரான்ஸ்மிட்டரோடு (ஒலியை அலையாக அனுப்பும் கருவி) வருகிற, ப்ளூடூத் அல்லாத ரேடியோ ஹெட்போன் இருக்கிறது. அதில் தாமதம் மிகக் குறைவு, தூரமும் அதிகம் எட்டும்.

வாங்கும் முன் உங்கள் டிவியின் பின்பக்கம் ஆப்டிகல் துளையோ (ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிளுக்கானது) ஹெட்போன் துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்போனை இணைத்ததும் டிவியின் ஸ்பீக்கர் அடங்கிவிடுகிறதா என்பதையும் பாருங்கள், வீட்டில் இன்னொருவரும் கூடப் பார்ப்பதானால் அது முக்கியம். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எந்த வகை பொருந்தும் என்று சொல்கிறேன்.